மூன்று பத்திகள்

விவேக் நகர்த் தேவாலயப் பங்கின் மாத மடலை, பக்கத்துக்கு மூன்று நெடுக்குப் பத்திகளாக வடிவமைத்தவள் லவினா. அவள் இறந்த பிறகும் கணவன் ஓஸ்வால்ட் அந்த அமைப்பை மாற்றவில்லை. இம்மாதம் மடல் வேலையில் அவனுக்கு உதவும் இளைஞன் டேரில் அதை ஒரே பத்தியாக்கி, பெரிய எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எல்லோரும் புகழ்ந்தார்கள். ஓஸ்வால்டுக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணா, அச்சுலயும் இப்படியே போட்டுடலாமா?"

"யாருப்பா குடுத்த ஐடியா?"

"லவினா அக்காதாண்ணா. ஆஸ்பத்திரில இருந்தப்பவே மெசேஜ் போட்டிருந்தாங்க. போன்ல இழுத்து இழுத்துப் படிக்க முடியலையாம்."

ஒவ்வொரு மடலையும் ஓஸ்வால்ட் அவள் படுக்கையருகே கொண்டுபோய்க் காட்டியிருந்தான். அழகாக இருக்கிறது என்றுதான் அவனிடம் சொன்னாள்.

டேரில் அந்த மெசேஜைக் காட்டப் போனை நீட்டினான். ஓஸ்வால்ட் வாங்கவில்லை.

"போன்ல உன் இஷ்டம். அச்சுல கை வெக்காதே."