பின்சீட்டுத் தீர்ப்பு

…இரண்டில் எந்தக் காரை விற்பதென்று பின்சீட்டில் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்லவேண்டுமாம், பெரிய அதிகாரிகளுக்கென்று பிரான்சில் அந்தக் காலத்தில் செய்த கார்களாம், அதிகாரி எங்கேயாவது தானே ஓட்டுவானா என்கிறார் என் கணவர், ஆகவே நான் டிரைவர், பல் டாக்டரான அவரும் வக்கீலான என் அண்ணனும் பின்னால், கொடி கட்டாத குறைதான். முதலில் அந்தச் சதுரப் பெட்டியை ஓட்டியாயிற்று, இப்போது இந்த மீன்மூக்கு. "மாப்ளே, அதுல உக்காந்தா சோபா, ஆறு சிலிண்டர், சத்தமே கிடையாது," என்கிறான் அண்ணன். "சோபாதான் வீட்லயே இருக்கே மச்சான், இது மிதக்குது பாருங்க." மிதக்கிறதாம்… கிளப்பினால் ஒட்டகம்போல் முதலில் பின்புறம், அப்புறம் முன்புறம், எண்ணெய் அழுத்தத்தில் மெல்ல எழுந்திருக்கும், அதுவரை கைகட்டிக் காத்திருக்கவேண்டும், இந்த மரியாதையை எனக்கு யாராவது கொடுத்ததுண்டா? இரண்டு கார்களும் நிற்கும் அந்த கராஜ் என் தையல்கூடம். மிஷின்களெல்லாம் இப்போது படுக்கையறையில், தலைமாட்டில் ஊசி, கால்மாட்டில் துணிமூட்டை, கூட வேலை செய்த பெண்களைக் கொஞ்சநாள் பொறுங்கம்மா என்று அனுப்பியாயிற்று, ஒன்றையாவது விற்றால்தான் பாதி இடமாவது எனக்கு. வாங்க வந்தவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கார் கிடைக்குமென்று தெரியாமலே. அடுத்தவர் பல்லைக் கண்மூடித் திறப்பதற்குள் பிடுங்குகிற மனிதர், சொந்தக் காரில் ஒன்றைப் பிடுங்க வருஷக்கணக்காக யோசிக்கிறார்.

"ஏம்மா, பிரேக்க மெதுவா," என்கிறான் அண்ணன், நெற்றி முன்சீட்டில் இடித்த பிறகு. மெதுவாகத்தான் வைத்தேன், கால் கட்டைவிரல் பட்டாலே நிற்கிற வண்டி, இது ஓட்டுகிறவளுக்குத்தானே தெரியும்… வாங்களேன், நீங்களே ஓட்டுங்களேன் என்று வாயெடுத்தேன், அதற்குள் வளைவு, ஒற்றைக் கம்பி வைத்த ஸ்டீயரிங், ஒரு விரலால் தள்ளினேன், திரும்பியது, விட்டேன், தானாகவே நேராக வந்து நின்றது. எங்கள் வீட்டில் யார் இப்படிச் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள்? குண்டும் குழியுமான சாலை, வயிறுகூடக் குலுங்கவில்லை, பின்னால் இருவரும் கால் நீட்டும் இடத்தை ஜாண் போட்டு அளக்கிறார்கள், இதில் ஒன்றரை ஜாண், அதில் எவ்வளவு, நீங்க கால மடக்கிட்டீங்க மச்சான், செல்லாது…

வீடு வந்துவிட்டது. வாங்க வந்தவர் எழுந்து நிற்கிறார். கணவர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். "சரி, முடிவு பண்ணியாச்சு, மச்சான் பக்கந்தான் தீர்ப்பு. சோபா இருக்கட்டும், இதக் குடுத்துடலாம். உனக்கும் இடம் கெடைச்சுடும், சந்தோஷந்தானே?" "அவ மூஞ்சியே சொல்லுதே மாப்ளே," என்கிறான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமலே. சந்தோஷம்தான், இன்றைக்கே மிஷின்களை இறக்கிவிடலாம், அந்தப் பெண்களுக்குச் சொல்லியனுப்பலாம், முதுகை வளைக்காமல் ஒருநாள் தைக்கலாம், எத்தனை நாளாகக் கேட்டது… வாங்க வந்தவர் ஜன்னலுக்குள் கையை நீட்டுகிறார், நீட்டியபடியே சிரிக்கிறார், சாவியக் குடேன் என்கிறார் என் கணவர், கொடுக்கத்தானே போகிறேன், கொடுக்காமல் எங்கே போவேன், அப்புறம் எஞ்சினை ஏன் நான் இன்னும் அணைக்கவில்லை?