கலனைத் திறக்கவும்

அப்பாவின் விண்வெளி நாவல்களை வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். அவர் எழுதும் மற்றதெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது: இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள், வானொலிக்கு அறிவியல் துணுக்கு, ஞாயிறு இதழுக்குக் குறுக்கெழுத்து, இப்போது ஒரு வெந்நீர்க் கொதிகலனுக்குக் கையேடு. அத்தனையையும் கணினியில் அடித்துக் கொடுப்பது மகளின் வேலை. பதினைந்து வயதாகியும் உடம்பில் சதை பிடிக்காததால் வீட்டில் அவளுக்குச் சுள்ளி என்றுதான் பெயர்.

அப்பா மேசையைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். "நாவல்ல சேர்க்கறதுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி வச்சிருந்தேன். பார்த்தியா சுள்ளி?"

பார்த்திருந்தாள். காலையில் கையேட்டுத் தாள்களைக் கட்டி வைக்கும்போது கண்ணில் பட்டது. அப்போதிருந்து சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"இரு. பதிப்பகத்துக்காரர் போன் பண்ணாரு. செவ்வாய் கிரகத்துல ஒரு பேய் வந்தா புத்தகம் ஓடுமாம். பன்னெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினவன்கிட்ட பேய் கேக்கறாரு."

அடுப்படியிலிருந்து அம்மா, "ஒரு பேயைத்தான் விட்டுட்டுப் போங்களேன். அதென்ன சோறா கேக்கப் போகுது?" என்றாள்.

"நீயும் சேர்ந்துக்க."

"அப்பா, நான் சொல்றதை..."

"சாயங்காலத்துக்குள்ள கடைசி அத்தியாயம் போகணும், இல்லேன்னா இந்த வருஷம் புத்தகமே கிடையாதாம். சீட்டைத் தேடு முதல்ல."

"சீட்டு கையேட்டுல இருக்குப்பா."

அப்பா நிமிர்ந்தார். சுள்ளி மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். போன வாரம் மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறந்தன. பொறுக்கிக் குண்டூசியால் குத்தும்போது, 'சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே கலனைத் திற' என்பதைக் கையேட்டுத் தாளில் குத்தி, கையேட்டோடு சேர்த்தே கணினியில் அடித்தும் கொடுத்துவிட்டாள். நாவலில் தளபதி கத்தும் கட்டளை அது. விண்கலன், கொதிகலன் இரண்டையுமே அப்பா வெறும் 'கலன்' என்றுதான் எழுதுவார்.

"அச்சுக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சு. நான் வேற 'திற'ன்னு இருந்ததைத் 'திறக்கவும்'னு மாத்திட்டேன். காசு குடுத்து வாங்கறவங்களை வா போன்னு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "சிவப்பு எரியறப்ப திறந்தா மொத்த ஆவியும் மூஞ்சியில அடிக்கும்."

"தெரியும்ப்பா. அதான் பயமா இருக்கு."

அவர் அச்சகத்துக்குப் போன் போட்டார். அச்சக முதலாளியின் குரல் சுள்ளிக்கும் கேட்டது. "ரெண்டாயிரம் முடிஞ்சு கட்டும் போட்டாச்சு சார். நாலு மணிக்கு வண்டி. விடுங்க, அதையெல்லாம் எவன் படிக்கறான்?"

அப்பாவின் காது மடல் சிவந்தது. "நான் எழுதறதை எவனும் படிக்க மாட்டான்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டீங்க இல்ல? ஒருத்தன் படிப்பான்யா. படிச்சு, அதே மாதிரி செய்வான். கட்டைப் பிரிச்சு வைங்க, வர்றோம்."

"உங்க அத்தியாயம்?" என்றாள் அம்மா, கரண்டியோடு வந்து நின்று.

"அது எங்கயும் போகாது. பேனா எத்தனை இருக்கோ எடுத்துக்க. நீயும் கிளம்பு."

அச்சகத் தரையில் மூவரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஏழாம் பக்கம், மூன்றாவது வரி. 'திறக்கவும்' என்பதை அடித்துவிட்டு மேலே 'திறக்கக் கூடாது' என்று எழுத வேண்டும். வண்டிக்காரர் வாசலில் நின்று மணி பார்த்தார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே தானும் ஒரு பேனாவை எடுத்தார்.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சுள்ளிக்கு. நூறு பிரதிக்கு மேல் விரல் மரத்துப்போனது. கண் கலங்கியதில் எழுத்து நெளிந்தது.

அப்பா அவள் முடித்து வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்து, நீட்டினார். "'கூடது'ன்னு எழுதியிருக்க. கால் போடு."

போட்டாள்.

"இதுக்கு முன்னாடி எழுதினதையும் எடு. எல்லாத்தையும் பார்த்துடலாம்."