பாத்து, பாத்து

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது அவள் வேலை. மாடியிலிருந்து விழுந்தவர், தொண்டையில் பட்டாணி சிக்கிய குழந்தை, ஷாக் அடித்துக் கிடப்பவர் என்று எல்லார் வீட்டு அலறலும் முதலில் அவள் காதில்தான் விழும். அங்கே அவள் குரல் கொஞ்சமும் அசையாது. வீட்டுக்கு வந்துவிட்டாலோ எதைக் கண்டாலும் பயம். மகள் படியேறினால் பாத்து. கதவைத் திறந்தால் பாத்து. தண்ணீர் குடிக்கக்கூடப் பாத்து.

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று கணவன் கிண்டலடிப்பான்.

அந்தக் கிண்டல் போன வாரத்தோடு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பட்டப்பெயர் 'பாத்து அக்கா'வாம். யார் ஓடினாலும் குறுக்கே போய் "பாத்து, பாத்து" என்கிறாளாம். விளையாட்டு நேரத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறாளாம். "ஏழு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு பயம் எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார். பதில் அவளுக்குத் தெரியும். கூனிக் குறுகிப் போனாள்.

இன்று ஷிப்ட் முடிந்து பூங்காவுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். பிள்ளைகள் ஏறி விளையாடும் இரும்புக் கூண்டின் உச்சியில் மகள். இரண்டு ஆள் உயரம். நேற்றுவரை அடிக்கம்பியைக்கூடத் தொடாதவள். கணவன் கீழே நின்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்து!"

வாய் முந்திக்கொண்டது. மகள் சட்டென்று திரும்ப, ஒரு கால் வழுக்கியது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, "எதைம்மா பாக்கணும்?" என்று வீறிட்டாள்.

ஏழு வருடமாக அவள் சொன்ன சொல். எதைப் பார்க்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கணவன் பாய்ந்து ஏறப் போனான். கூண்டு ஆடியது, மகள் அலறினாள். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

'பயப்படாதீங்க'ன்னு சொல்லாதே, அடுத்துச் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் சொல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது.

"கண்ணு, இடது கால் எங்க இருக்கு?"

"கம்பி மேல."

"வலது கால்?"

"தொங்குதும்மா!"

"சரி. அதுக்குக் கொஞ்சம் கீழ சிவப்புக் கம்பி இருக்கு பாரு. அதுல வை."

"வச்சிட்டேன்."

"இப்ப ஒரு கையை மட்டும் எறக்கு."

போனில் பேசும் அதே குரல். முழங்கால் மட்டும் தடதடவென்று ஆடியது. மகள் ஒவ்வொரு கம்பியாக இறங்கி வந்து அதையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா உன் கால் ஆடுது?"

'ஒண்ணுமில்ல' என்பதுதான் இந்த வீட்டுப் பொய்.

"பயந்துட்டேன்டி. அது என் பயம், உனக்கு வேணாம். நீ நல்லாத்தான் எறங்கின."

மகள் கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இன்னொரு வாட்டி ஏறட்டுமா?"

நாக்கு நுனிவரை வந்த 'பாத்து'வை அவள் விழுங்கினாள். "மொதல்ல எந்தக் கம்பி?"

"மஞ்சள்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தும் அவன் கையை விலக்கவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, உச்சியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, பாத்தியா?"

கண்ணைத் திறந்தாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்டி" என்றாள்.