வேண்டாம் என்ற டீ

நகராட்சிக் கூட்டம் முடிந்தபோது ஆராய்ச்சிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரத் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்ற அவளுடைய கட்டுரை வெளியான கையோடு, பழைய குழாய்களையெல்லாம் மாற்றுவதென்று உறுப்பினர்கள் ஒருமனதாய்க் கையைத் தூக்கிவிட்டார்கள். கைதட்டல் வேறு. படித்த படிப்பு அலமாரியில் தூங்காமல் ஊருக்கு உதவியதே என்று உச்சி குளிர்ந்து வெளியே வந்தாள்.

வாசலில் தையல்காரம்மா நின்றிருந்தாள். மாதாமாதம் அவள் வீட்டுக் குழாயில்தான் ஆராய்ச்சிக்காரி சோதனைக்குத் தண்ணீர் பிடித்துப் போவாள்.

"ஈயம் இருக்குன்னு உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"போன வருஷமே தெரியும்க்கா. கட்டுரை அச்சாகுறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது: அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. வேறு எவனாவது முந்திக்கொண்டு எழுதிவிடுவானோ என்ற பயம்தான். அதற்கு நெறிமுறை என்று பெயர் சூட்டி வைத்திருந்தாள், அவ்வளவே.

"அதான் டீ போட்டுக் குடுத்தா ஒவ்வொரு தடவையும் வேணாம்னீங்களா? நான் என்னவோ கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன்."

வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் பைக்குள்ளிருந்து இடுப்பில் இடித்தது. ஆராய்ச்சிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா."

தையல்காரம்மா குரலை உயர்த்தவேயில்லை.

"போட்ட டீயைக் கீழ ஊத்த மனசு வராதும்மா. நீங்க அந்தப் பக்கம் போனதும், ஆத்தி என் சின்னவளுக்குத்தான் குடுப்பேன்."