கிலுகிலுப்பைக்குள் இருந்தது

படலையைத் திறக்கும்போதே யோகலிங்கத்துக்கு ஏதோ குறைவதுபோலத் தெரிந்தது. அவன் வயலால் வரும் நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கும். இன்று கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். பாயில் அவனுடைய கைப்பிள்ளை, தம்பி, குந்தியிருந்தான். ஓலைக் கிலுகிலுப்பை பிரிந்து கிடந்தது. சுற்றிவரச் சிவப்பும் கறுப்புமாகக் குண்டுமணி சிதறியிருந்தது.

குசினிக்குள் மனைவி இராசேஸ்வரி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் பாயில் விழுந்து, மணிகளைக் கூட்டி அள்ளிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டான். பிள்ளையின் வாயைப் பார்க்கவேண்டும் என்ற புத்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்குவதில் இராசேஸ்வரியை ஏய்க்க எந்தக் கடைக்காரனாலும் முடியாது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் அக்கராயனில் அவர்களுடைய முதல் விளைச்சலைக் கொண்டுபோன பிறகு பிறந்த பிள்ளை. தான் கடித்துப் பார்க்காத எதையும் அவனுடைய கையில் கொடுக்கமாட்டாள். கிளிநொச்சிச் சந்தையில் ஒரு தகரக் கிலுகிலுப்பையைக் கடித்து, உதட்டைக் கீறிக்கொண்டு, பேசாமல் திருப்பி வைத்தாள். மரக்கிளியைக் கடித்தபோது பச்சைச் சாயம் நாக்கில் ஒட்டியது. "இது பிள்ளைக்கோ, உங்களுக்கோ?" என்று கடைக்காரன் கேட்டதை யோகலிங்கம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். கடைசியில் பனையோலையில் பின்னித் தரும்படி யோகலிங்கத்திடமே கேட்டாள். உள்ளே போடப் புளியங்கொட்டையை அவித்துக் காயவைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

புளியங்கொட்டை லொடலொட என்றது. தன் கையால் செய்த சாமான் அப்படிச் சத்தம் போடுவது யோகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. வேலியில் குண்டுமணி நெற்று வெடித்து நின்றது. புளியங்கொட்டையைக் கொட்டிவிட்டு அதில் ஒரு பிடி உருவிப் போட்டதும் கலகலவென்றது, பிள்ளையும் சிரித்தான். குண்டுமணி நஞ்சென்று அவனுக்குத் தெரியாமலில்லை. கடிபட்டால்தானே நஞ்சு இறங்கும், பிள்ளைக்குப் பல்லே இல்லையே என்று நினைத்தான். பின்னலும் நல்ல இறுக்கம். இராசேஸ்வரி ஓலையைக் கடித்தாள், இழுத்தாள், "புளியங்கொட்டைதானே?" என்று கேட்டாள். "ஓம்" என்றான். உள்ளே இருப்பதை அவளால் கடித்துப் பார்க்க முடியாது. அதற்கு அவனுடைய வாய்ச்சொல்லையே நம்பினாள்.

இப்போது தம்பிக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு இராசேஸ்வரி வந்தாள்.

"என்னப்பா, பிஞ்சுபோச்சோ? கொட்டை ஒண்டும் வாய்க்குள்ளை போகேல்லையே?"

"இல்லை... பொறுக்கிப்போட்டன்."

"போனாலும் புளியங்கொட்டைதானே. நாளைக்கு வந்திடும்." பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அப்போதுதான் தம்பியின் பொத்திய கை அவன் கண்ணில் பட்டது. விரல்களை மெல்லப் பிரித்தான். எச்சில் ஊறிய அரைக் குண்டுமணி. சிவப்புத் தோல் உடைந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. மற்றப் பாதியைப் பாயிலும் காணவில்லை, மடியிலும் காணவில்லை.

அந்தக் கணத்திலும் இதை மறைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

"இஞ்சேர்... நான் போட்டது புளியங்கொட்டை இல்லை."

மடியை அவிழ்த்தான். மணிகள் நிலத்தில் கொட்டிக் குசினி வாசல்வரை உருண்டன. அவள் அவற்றைப் பார்த்தாள், அவன் உள்ளங்கையில் இருந்த பாதியைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான். அவள் பாய்ந்து பிள்ளையைத் தூக்கி, வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினாள். எச்சில்தான் வந்தது.

"எத்தினை போட்டனீங்கள்?"

"எண்ணேல்லை. அள்ளிப் போட்டனான்."

"சைக்கிளை எடுங்கோ." டொக்டரிடம் காட்டுவதற்கு அந்தப் பாதியை வாங்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தாள்.

வாய்க்கால் ஓரமாகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தான். கரியரில் பிள்ளையை மடியில் வைத்தபடி அவள் இருந்தாள். வழியில் எருமை ஒன்று குறுக்கே வரவும் பெல் அடித்தான்.

"பாக்கிறான்" என்றாள் அவள்.

சத்தம் வந்த பக்கம் பிள்ளை முகத்தைத் திருப்பியிருக்கிறான். அதன் பிறகு வெறும் றோட்டிலும் பெல் அடித்தான். அடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்த ஒரு சொல் வந்தது. வேறு ஒன்றும் அவள் அவனோடு பேசவில்லை.

பொழுது மங்கியது. வாய்க்கால் திரும்பும் இடத்தில் மறுபடி அடித்தான். பின்னால் சத்தமில்லை. பிள்ளை நித்திரையாக இருக்கலாம். அவள் இனி அவனுக்குப் பதில் சொல்ல விரும்பாமலும் இருக்கலாம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெருவிரலைப் பெல்லிலிருந்து எடுக்காமல், அடித்து அடித்து மிதித்துக்கொண்டிருந்தான்.