காற்று மேலேதான் போகும்

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி. விடாத."

"விடலை."

முப்பது வருஷமாக எனக்கும் என் புருஷன் ஆர்லெனுக்கும் நடக்கிறதிலேயே நீண்ட பேச்சு இதுதான். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன். அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு சின்னத் திருகைத் திறந்து, உள்ளே அடைபட்ட காற்றை பிரேக் ஆயிலோடு வெளியே விடுவான். காற்று போய்விட்டால் பெடல் கல்லு மாதிரி நிற்கும். பெண்டாட்டி இல்லாதவன் பழைய கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பான். அதைக் காதல் வசனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவி.

ஏப்ரல் பிறந்தும் ஏரியில் பனிக்கட்டி உடையவில்லை. கராஜில் ஹீட்டர் இரைச்சல் மட்டும் போட்டது. ஆனாலும் கோடைக்குள் முடிக்க வேண்டிய வேலை இது.

போன அக்டோபரில் ஆர்லென் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய், தேவாலயத்து முக்கில் ஸ்டாப் பலகையைத் தாண்டி, எதிரே இருந்த வேலியைப் பெயர்த்துவிட்டான். யாருக்கும் அடி இல்லை. "டிரம் பிரேக். அறுபது வருஷத்துச் சாமான். பிடிக்கவே மாட்டேங்குது" என்றான். எங்கள் மகள் ஜனெல் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"சரிப்பா, பிரேக்குன்னே வச்சுக்குவோம். முன்னாடி டிஸ்க் பிரேக் மாத்திருங்க. அதுக்கப்புறமும் ஏதாவது ஆச்சு, கார் சாவி, டிரக் சாவி ரெண்டும் எங்கிட்ட வந்துரணும்."

நானும் பிரேக் என்றே வைத்துக்கொண்டேன். ஒரே சாப்பாட்டில் ஒரே கதையை இரண்டு தரம் சொன்னானா, அது வயசு. சொந்தத் தம்பி பெயர் வாயில் வராமல் நின்றதா, தூக்கம் போதவில்லை. பனிக்காலம் முழுக்க டிரக்கை நானே ஓட்டினேன். அதற்கு அவனுடைய தோள்வலி. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு அவன் பேரிங் மாட்டியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளங்கையில் கிரீஸை அள்ளி வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடாமல் ஊட்டினான். டிஸ்க்கை ஏற்றி, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்கினான். பிறகு தளர்த்தினான். பிறகு வெறும் விரலால் திருகி, பின்னைச் செருகி வளைத்தான்.

"ரொம்ப இறுக்கினா வெந்துரும். லூசா விட்டா ஆடும். கல்யாணம் மாதிரி."

"அப்ப நான் இறுக்கமா, லூசா?"

"நீ துருப்பிடிச்ச நட்டு. கழட்டவே முடியாது."

வாய்விட்டுச் சிரித்தேன். ஜனெலைக் கூப்பிட்டு, உங்கப்பன் கையை வந்து பாருடி, அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பெடல்தான் மசியவில்லை. தலையணையை மிதிப்பது மாதிரி புசுபுசுவென்று உள்ளே போனது. திருகு வழியாகப் பாட்டிலில் விழும் ஆயிலில் ஒரு குமிழ்கூட இல்லையே என்றான். மறுபடி மிதித்தேன். மறுபடியும் தலையணை.

"நீ ஒழுங்கா மிதிக்கலை."

"முப்பது வருஷமா மிதிக்கிறவ, இன்னிக்குத்தான் மறந்துட்டேனாக்கும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கவனிக்கவில்லை. கால் மரத்துப்போய் இறங்கி, அந்தப் பக்கம் நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில், திருகு அடியில் இருந்தது.

இடது, வலது காலிப்பர் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பக்கம் மாற்றி மாட்டினால், மேலே இருக்க வேண்டிய திருகு கீழே வந்துவிடும். ஆயில் கீழ்வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கும். நாள் பூராவும் மிதித்தாலும் வராது. இது எனக்குத் தெரிந்தது டெல்மரால்.

டெல்மர் பக்கத்து வீட்டுக்காரன், அவனும் பழைய கார்ப் பைத்தியம். ரொம்ப காலத்துக்கு முன்னால் அவன் இதே தப்பைச் செய்தான். ஆர்லென் விடவே இல்லை. கோடைதோறும் பழைய கார்கள் கூடும் மைதானத்தில், அத்தனை பேர் முன்னாலும் கேட்பான்: "டெல்மர், காத்து மேல போகுமா, கீழ போகுமா?" டெல்மரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடக் கேட்டான். அத்தனை துக்கத்திலும் டெல்மர் சிரித்துவிட்டான். "ஒரு நாள் நீயும் மாட்டுவடா. அன்னிக்கு ஊரையே கூட்டிருவேன்" என்று திருப்பிக் கொடுப்பான்.

இந்தத் தப்பு யாருக்கும் நடக்கும். அந்தக் கேள்வியை உண்டாக்கியவனுக்கு நடக்காது. வேலி உடைந்தது பிரேக்கால் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோனது. அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அழாமல் சீட்டில் போய் ஏறிக்கொண்டேன்.

"மிதிக்கட்டுமா?" என்றேன்.

கராஜ் கதவுப் பக்கம் டெல்மரின் குரல் கேட்டது. "என்ன, பெடலை இன்னும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

கையில் காபியோடு வந்து ஆர்லென் பக்கத்தில் குந்தினான். அவன் கண் காலிப்பருக்குப் போனது, அங்கேயே நின்றது. வாய் ஓரம் விரிந்தது. கேட்டுத் தொலையட்டும், மூன்று பேரும் சிரித்து முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். டெல்மர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் வாய் மூடிக்கொண்டது.

"ஆயில் பழசா இருக்கும். நான் போய் வேற டப்பா வாங்கிட்டு வரேன்."

"இப்பத்தான்டா உடைச்சேன். புது டப்பா."

"அப்ப டப்பாலதான் ஏதோ கோளாறு."

ஆர்லென் அவனையே பார்த்தான். டெல்மர் கிண்டல் இல்லாமல் அவனுக்குப் பதில் சொல்கிறவன் இல்லை. ஆர்லென் திரும்பிக் காலிப்பரைப் பார்த்தான். கையை அடியில் விட்டுத் திருகைத் தொட்டான். விரல் அங்கேயே இருந்தது.

"நீ ஏன் சிரிக்கலை, டெல்மர்?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"எத்தனை வருஷமா இதுக்காகக் காத்திருந்த. சிரிடா."

டெல்மரால் முடியவில்லை. ஆர்லென் என் பக்கம் திரும்பினான். "மார்லிஸ், நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி" என்றான். பிறகு ஸ்பேனரை எடுத்தான்.

டெல்மரும் அவனுமாகக் காலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டினார்கள். மறுபடியும் அமுக்கு, பிடி. காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. பெடல் கல்லானது. சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் டெல்மர் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆர்லென் கை கழுவிவிட்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீயே ஓட்டு."

இந்தக் காரை அவன் என்னை ஒரு தடவைகூட ஓட்ட விட்டதில்லை. இதன் பிரேக்கை நான் மிதித்ததெல்லாம் கராஜில், ஜாக்கி மேல் நிற்கும்போதுதான். மெதுவாகத் தெருவில் இறக்கினேன். தேவாலயத்து முக்கு வந்தது. மிதித்தேன். ஸ்டாப் பலகைக்கு முன்னால், எந்தப் பக்கமும் இழுக்காமல், நேராக நின்றது.

எதிரே வேலியில் புதுப் பலகைகளுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஆர்லென் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பிடிக்குது" என்றேன்.

"பழசும் நல்லாத்தான் பிடிச்சுது, மார்லிஸ்."