கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் சபைப் பத்திரிகைக்கு ‘உண்மையான ஆராதனை எது?’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். ஓய்வு பெற்றவன், சும்மாதானே கிடக்கிறான் என்ற நல்லெண்ணம். நானும் உட்கார்ந்தேன்.

உண்மையான ஆராதனை என்பது யாதெனில்

(இந்த வாக்கியம் இதற்கு மேல் நகர மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. தேநீர் வாங்கிக் கொடுத்தும் பார்த்தேன். இங்கேயே கிடக்கட்டும்.)

கட்டுரை வராதவனுக்குக் கதை வரும். வந்தது, இரண்டு ஓரகத்திகளைக் கூட்டிக்கொண்டு.

2

மூத்தவள் தையற்காரி. கீழ்வீட்டில் கடையும் குடியுமாக இருந்தாள். கொழுந்தன் மனைவியான இளையவள் மாடியில். அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. [முதலில் டீச்சராக்கியிருந்தேன். டீச்சர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மாற்றிவிட்டேன். பல் டாக்டர்கள் வாயைத் திறப்பதில்லை, திறக்கத்தான் சொல்வார்கள்.]

மூத்தவள் ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்த கவுனைப் போட்டுப் பார்த்த இளையவள், கடை நிறைய ஆள் நிற்கும்போதே, “இதுல இன்னொரு ஆளையும் குடிவைக்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் மட்டும் நிற்கவில்லை. கீழ்வீட்டில் தையல் மெஷின்களை ஓரங்கட்டிவிட்டு அக்கம்பக்கத்தார் வட்டமாக உட்காருவார்கள். கண்ணை மூடி ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்பார்கள். பேசாத இருவரும் அங்கே பேசினார்கள், கடவுள் வழியாக.

“கிருபையுள்ள பிதாவே,” என்று மூத்தவள் தொடங்குவாள். “மாடியிலிருந்து சொட்டுற ஈரத்துல உம்முடைய அடியாள் இஸ்திரி போட்டு வச்ச துணியெல்லாம் பாழாகுது. பிழியத் தெரியாத கைகளுக்கு நீரே பலம் தாரும்.”

இளையவள் முறை வரும். “ஸ்தோத்திரம் ஆண்டவரே. விடியறதுக்குள்ள தடதடன்னு மெஷின் ஓட்டுறவங்களுக்கு, மாடியில இருக்கிறதும் மனுஷங்கதான்னு உணர்த்தியருளும்.”

“ஆமென்!” என்பார்கள் மற்றவர்கள், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஏங்கியபடி. கூட்டத்துக்கு ஆள் பெருகியது. ஜெபத்தின் நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: சவரம் செய்துகொண்டு வந்தவர்கள் தாடியோடு திரும்பினார்கள். இடுப்பில் தூக்கி வந்த குழந்தை ஒன்று நடந்தே வீட்டுக்குப் போனது.

* அடிக்குறிப்பு: எல்லாரும் கண்ணை மூடியிருக்க, உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதாசிரியனுக்கு அரைக்கண் திறந்துகொள்ள அனுமதி உண்டு. அனுமதி கொடுத்தது நான்தான்.

3

இங்கே எனக்கு மூத்தவள்மேல் சந்தேகம் வந்தது. இவள் கடவுளைக் கும்பிடுகிறாளா, தபால்காரராக வைத்திருக்கிறாளா? கேட்டால் கத்தரிக்கோலோடு வருவாள். ஊரில் யாருக்கு நோவு என்றாலும் ஜெபிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். வார்த்தைக்கு அவளிடம் பஞ்சமே வந்ததில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. இளையவள் முறை.

“ஆண்டவரே…” குரல் வழக்கம்போல் மேலே ஏறவில்லை. “நாளைக்குக் காலையில எனக்கு ஆபரேஷன். கட்டியாம். எடுத்துப் பார்த்தாதான் என்னன்னு தெரியுமாம். அவருக்கு லீவு கிடைக்கல, ஊர்ல இல்ல. கூட வர ஆளில்ல. பயமா இருக்கு. நீர் மட்டும் கேட்டா போதும். வேற யாரும் கேட்கணும்னு நான் சொல்லல.”

யார் கேட்க வேண்டும் என்று சொன்னாள் என்பது அந்த அறையில் இருந்த மெஷின்களுக்குக்கூடப் புரிந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை.

அடுத்தது மூத்தவள்.

4

முடிவு அ: மூத்தவள் கண்ணீர் மல்க, கேட்டவர் நெஞ்சுருக, அழகாக ஜெபித்தாள். (அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கோளாறு.)

முடிவு ஆ: அப்போது அறையில் ஓர் ஒளி (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

சரி, அவளையே விட்டுப் பார்ப்போம்.

“கிருபையுள்ள பிதாவே,” என்றாள். நின்றது. “கிருபையுள்ள…” மறுபடி நின்றது. ஊசிக்காது அகப்படாத நூல்போல அதே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தாள். பேச வேண்டியவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாளே!

மூத்தவள் கண்ணைத் திறந்தாள், ஜெபத்துக்கு நடுவில். அந்தக் கூட்டத்தில் அது கேள்விப்படாத குற்றம். இளையவளோ ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தாள்.

“எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?”

“ஏழு மணிக்குக்கா.”

“வெறும் வயித்தோடயா?”

“ம்.”

“ஆஸ்பத்திரி அங்கி முதுகுல திறந்து கிடக்கும், குளிரும். அந்தக் கவுனை எடுத்து வச்சுக்கோ. தையல் போட்ட இடத்துல உறுத்தாது. லூசாத்தானே இருக்கு?”

இளையவள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னொரு ஆளும் குடியிருக்கலாம்க்கா.”

“அதான் நான் வர்றேனேடி.”

5

கட்டி என்ன கட்டி என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை என் காகிதத்தில் இன்னும் விடியவில்லை.

மூத்தவளும் இளையவளும் கவுனைத் தேடி மாடிக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கண்ணை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். பாவம், கேட்டது பேச்சா ஜெபமா, எந்த இடத்தில் ஆமென் போடுவது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. “கிருபையுள்ள பிதாவே” என்று தொடங்கியது தொடங்கியபடியே நிற்கிறது. யாராவது முடித்துவைத்தால்தான் அவர்கள் வீட்டுக்குப் போக முடியும்.

என்னைப் பார்க்காதீர்கள். நான் கட்டுரையையே முடிக்காதவன். இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து அரைக்கண்ணால் எட்டிப் பார்த்தீர்களே, உங்களைத்தான். அது ஜெபம்தான் என்று தோன்றினால், நீங்கள் சொல்லுங்கள் அந்த ஒரு வார்த்தையை.

சற்று உரக்க. மாடிக்கும் கேட்க வேண்டும்.